வீட்டுக்கே தியேட்டர் வந்தாச்சு! வீட்டு ஆட்கள் எங்கே?

சென்னையில் இன்றைக்கு சினிமா பார்க்க கியூவில் நிற்க வேண்டாம். பிளாக் டிக்கெட்காரனிடம் பேரம் பேச வேண்டாம். சட்டை கூட மாட்ட வேண்டாம். லுங்கியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு பட்டனை அழுத்தினால் போதும். படம் ஓடும்.

ஓடுகிறது, சரி. யார் பார்க்கிறார்கள்? முழுசாகப் பார்க்கிறார்களா? சேர்ந்து பார்க்கிறார்களா?

பதில் சொல்லத்தான் பல வீடுகளில் ஆள் இல்லை. ஒரே வீடு. நாலு பேர். நாலு செல்போன். நாலு படம். இதுதான் இன்றைய நிலவரம்!

வீட்டில் படம் பார்ப்பதை யாரும் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் பார்க்கிற முறையில் ஒரு களவு நடந்து கொண்டிருக்கிறது. களவு போவது பணம் அல்ல, நகை அல்ல. ரசனை!

பேரேட்டில் சினிமா

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ரசிகர் இருக்கிறார். வயது 55. பாரிமுனை பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், எண்பதை நெருங்கும் தாயார். இதுதான் குடும்பம்.

ஒரு காலத்தில் முதல் நாள் முதல் காட்சி பார்க்காமல் சாப்பாடு இறங்காத ஆசாமி. இன்றைக்கு அவருடைய தியேட்டர், ஹாலில் சுவரில் மாட்டியிருக்கும் டி.வி.தான்.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவால் தியேட்டர்களை மூடினார்கள் அல்லவா, அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். வீட்டில் பார்க்கும் படம், தொடர் எல்லாவற்றையும் ஒரு பழைய பேரேட்டில் குறித்து வைக்கிறார். இடது பக்கம் வரவு. வலது பக்கம் பற்று. படம் கொடுத்தது வரவில். வீட்டில் பார்த்ததால் விட்டுப்போனது பற்றில்.

"கணக்குப்பிள்ளைக்கு வேற என்னாங்க எழுதத் தெரியும்?" என்று சிரிக்கிறார்.

அந்தப் பேரேட்டைப் புரட்டினால், ஒரு மனுஷனின் கணக்கு மட்டும் தெரியவில்லை. ஊர்க்கணக்கே தெரிகிறது.

ஏன் வீட்டுக்கு வந்தார்?

ரசிகன் தியேட்டரை விட்டு வந்தது சோம்பேறித்தனத்தால் அல்ல. தியேட்டர்தான் அவனை விட்டுப் போனது.

அண்ணா சாலை சாந்தி 2016-ல் மூடப்பட்டது. தண்டையார்பேட்டையில் 50 ஆண்டுக்கு மேல் ஓடிய அகஸ்தியா 2020-ல் மூடப்பட்டது. வடசென்னைக்காரனுக்கு அது வெறும் கட்டிடம் இல்லை. நடந்து போய், நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்த சந்தோஷம்!

இப்போது பெரிய மால்களில்தான் புதுப்படம். டிக்கெட் ஒரு பக்கம். வண்டி நிறுத்த ஒரு காசு. பாப்கார்ன் விலையைக் கேட்டால் பசியே போய்விடும். குடும்பத்தோடு ஒரு தடவை போய் வந்தால், மளிகைக் கடை பாக்கி அந்த மாதம் நின்று போகும்.

அதே காசுக்கு வீட்டில் மாசக்கணக்கில் படம் பார்க்கலாம் என்றால், மாதச் சம்பளக்காரன் எந்தப் பக்கம் சாய்வான்? இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

அன்றைக்கும் வீட்டில் பார்த்தார்களே!

வீட்டில் படம் பார்ப்பது புதுசு அல்ல. சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியது 1975-ம் ஆண்டு ஆகஸ்ட் 15-ந்தேதி. தெருவுக்கு ஒரு டி.வி. இருந்தால் அது பெரிய தெரு. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை மாலை தமிழ்ப்படம். டி.வி. இருக்கிற வீட்டுக்காரம்மாவைப் பகைத்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது!

நம்ம ரசிகர் அப்போது சின்னப் பையன். வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவர். சில வீடுகளில் தலைக்கு நாலணா வசூலித்ததும் அவருக்கு நினைவு இருக்கிறது. உள்ளே இருபது பேர், வெளியே பத்துப் பேர். முன்னால் உட்கார்ந்தவன் தலை மறைத்தால் பின்னால் இருப்பவன் குட்டுவான். படம் முடிந்ததும் அந்தக் குட்டு வாங்கினவனும் கொடுத்தவனும் ஒன்றாகப் பேசிக்கொண்டே டீக்கடைக்குப் போவார்கள்.

1982-ல் ஏசியாட் விளையாட்டோடு கலர் வந்தது. அப்புறம் வீடியோ டெக். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்றால் டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம். வாசலில் பெட்ரோமாக்ஸ், தெரு முழுக்கப் பாய். 1993, ஏப்ரல் 14-ந்தேதி சன் டி.வி. வந்தது. 2006-ல் தமிழக அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. 2011-ல் அரசு கேபிள் மாதம் ரூ.70-க்கு வந்தது. குடிசைக்குள்ளும் திரை வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவை பெட்டி மலிவானபோதும் கூட்டம் சிறுத்தது. தெருவே பார்த்தது. பிறகு வீடு பார்த்தது. இப்போது ஆள் பார்க்கிறான். அதுவும் காதில் ஒரு குமிழை மாட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல்!

குக்கர் விசில்

இனி பேரேட்டுக்கு வருவோம்.

2020, நவம்பர் 10-ந்தேதி தமிழ்நாட்டில் தியேட்டர்களைப் பாதி இருக்கைகளோடு திறந்தார்கள். இரண்டே நாளில், 12-ந்தேதி, 'சூரரைப் போற்று' நேராக ஓ.டி.டி.யில் வந்தது. சுதா கொங்கரா இயக்கம், சூர்யா நடிப்பு. மலிவு விலை விமானம் விட்ட கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவிய கதை. பிற்பாடு சிறந்த படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது.

ரசிகர் எழுதியிருக்கிறார்:-

"வரவு: அப்பா சாகக் கிடக்கிறார். ஊருக்குப் போக டிக்கெட் காசு பத்தவில்லை. ஏர்போர்ட்டில் முன்னே பின்னே தெரியாதவர்களிடம் மகன் கையேந்துகிறான். நெஞ்சு அடைத்துவிட்டது. ஊர்வசி அழுகை, என் அம்மா அழுகை. பற்று: கை தட்ட ஆள் இல்லை. பக்கத்து வீட்டு குக்கர் விசில் மட்டும் மூன்று."

சிரிப்பு வருகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு நின்று விடும். தியேட்டரில் அந்தக் காட்சிக்கு ஐந்நூறு பேர் மூச்சை அடக்கியிருப்பார்கள். ஏழை ஜெயிக்கும்போது ஐந்நூறு பேர் தாங்களே ஜெயித்த மாதிரி கத்தியிருப்பார்கள். ஹாலில் தனியாகக் கத்தினால் வீட்டுக்காரி என்ன நினைப்பாள்?

ஒரே நேரம், ஒரே படம்

அடுத்து 'மண்டேலா'. மடோன் அஸ்வின் இயக்கிய படம். யோகி பாபு முடி திருத்துபவராக வருவார். 2021, ஏப்ரல் 4-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை நேராக விஜய் டி.வி.யில் போட்டார்கள். சட்டசபை தேர்தலுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, ஒரு ஓட்டு யாருக்கு என்று ஊரே ஒருத்தன் பின்னால் அலையும் கதை!

பேரோ முகவரியோ இல்லாமல், ஊரார் வைத்த பட்டப்பெயரோடு திரிந்த ஒருவனுக்கு, போஸ்டாபீஸ் அம்மா ஒரு பேர் வைக்கிறாள். பேர் வந்ததும் ஓட்டு வருகிறது. ஓட்டு வந்ததும் மரியாதை வருகிறது. அந்த மரியாதை எதற்காக என்று அவனுக்குப் புரியும்போது பார்க்கிறவனுக்கும் சுருக்கென்கிறது.

இந்தப் படத்துக்குப் பற்றுப் பக்கத்தில் "விளம்பரம் ஜாஸ்தி" என்பதோடு முடித்துவிட்டார். வரவில் ஒரு வரி அதிகம்: "மறுநாள் கடையில் ஏழு பேர் இதையே பேசினோம்."

அதுதான் சங்கதி. டி.வி.யில் போட்டதால் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். திங்கட்கிழமை பஸ்ஸில், கடையில், ஆபீசில் பேச விஷயம் இருந்தது. ஓ.டி.டி.யில் அவரவர் சௌகரியத்துக்குப் பார்ப்பதால், ஒருவன் ஆரம்பிக்கும்போது இன்னொருவன், "அண்ணே, சொல்லிடாதீங்க! நான் இன்னும் பார்க்கலே" என்று காதைப் பொத்திக்கொள்கிறான். பேச்சு அங்கேயே செத்துப் போகிறது.

கூட்டம் திரைக்குள்ளே!

2021, ஜூலை 22-ந்தேதி 'சார்பட்டா பரம்பரை'. பா.இரஞ்சித் இயக்கம். எமர்ஜென்சி காலத்து வடசென்னை. சார்பட்டா பரம்பரைக்கும் இடியப்ப பரம்பரைக்கும் குத்துச்சண்டை. ஆர்யா கபிலனாக, பசுபதி ரங்கன் வாத்தியாராக. டான்சிங் ரோஸ் வந்து ஆடிக்கொண்டே அடிக்கும் சண்டையைப் பார்த்து வடசென்னையே மெய்மறந்தது.

ஆனால் எங்கே பார்த்தது? அப்போது இரண்டாவது அலை. தியேட்டர்கள் மறுபடி மூடிக் கிடந்தன. ஆயிரக்கணக்கான பேர் மேடையைச் சுற்றி நின்று ஆர்ப்பரிக்கும் படத்தை, அந்த மண்ணின் மக்களே அறைக்குள் முடங்கி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"பற்று: கூட்டம் எல்லாம் படத்துக்குள்ளே. வெளியே நான், சம்சாரம், அம்மா" என்று ரசிகர் குறித்திருக்கிறார். மகள்? அவள் உள் அறையில் அதே படத்தைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில் ஒரே படம், இரண்டு இடத்தில் ஓடியது!

படம் முடிந்ததும் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டார்கள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"சூப்பர்பா. சண்டை எல்லாம் செம. ட்ரெய்னிங் சீனெல்லாம் தள்ளித் தள்ளி ஓட்டிட்டேன்."

"பயிற்சியைத் தள்ளிட்டியா? அப்புறம் அவன் ஜெயிச்சா உனக்கு எப்படிம்மா சந்தோஷம் வரும்?"

மகளிடம் பதில் இல்லை. இந்தக் கேள்வி அவளுக்கு மட்டும் அல்ல. பத்து செகண்டு பத்து செகண்டாகத் தள்ளிப் பார்க்கிற எல்லோருக்கும்தான். வியர்வையைத் தள்ளிவிட்டு வெற்றியை மட்டும் பார்த்தால், கதாநாயகன் பட்ட பாடு எதுவும் நெஞ்சில் ஒட்டாது. படம் பார்த்த கணக்கு வரும். படம் வராது.

நிறுத்தும் பட்டன்

அதே வருடம் நவம்பர் 2-ந்தேதி, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், 'ஜெய் பீம்' வந்தது. த.செ.ஞானவேல் இயக்கம். பிற்காலத்தில் ஐகோர்ட்டு நீதிபதியான சந்துரு, வக்கீலாக இருந்தபோது நடத்திய 1993-ம் ஆண்டு வழக்கை அடிப்படையாகக் கொண்டது. போலீஸ் பிடித்துப்போன கணவன் எங்கே என்று கேட்டு, கர்ப்பிணிப் பெண் ஒருத்தி கோர்ட்டுக்கு வருகிறாள். ஆட்கொணர்வு மனு. விசாரணை. பொய்களைப் பிய்த்துப் பார்க்கும் குறுக்கு விசாரணை.

லாக்-அப்பில் அடிக்கும் காட்சி வந்தபோது, ரசிகரின் மனைவி எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டார். ரசிகரும் பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டார். "போதும், நாளைக்குப் பாத்துக்கலாம்."

தாயார் விடவில்லை. "ஓட்டுடா. அந்தப் பொண்ணு பட்டுக்கிட்டு இருக்கா. நமக்கு பாக்கறதுக்கே கஷ்டமா?"

மறுபடி ஓட்டினார். பார்த்து முடித்தார்கள்.

தியேட்டரில் இந்தப் பட்டன் கிடையாது. கண்ணை மூடலாம், காது கேட்கும். காதை மூடினால் பக்கத்து சீட்டுக்காரன் விம்முவது தெரியும். அடுத்தவன் துன்பத்தில் இருந்து தப்பிக்க வழி இல்லாமல் உட்கார வைக்கிற இடம் அது. வீட்டில் தப்பிப்பது சுலபம். பல வீடுகளில் அன்றைக்கு நிறுத்திய படம் இன்றைக்கும் நின்ற இடத்திலேயே நிற்கிறது!

ஒரே ராத்திரியில் காலி

தொடர்களின் கதை வேறு. 1990-களில் சன் டி.வி.யில் 'மர்மதேசம்' வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். 'விடாது கருப்பு' ஓடிய காலத்தில், வாரம் ஒரு தடவைதான் போடுவார்கள். மீதி ஆறு நாளும் "கருப்பு யாரு?" என்று கடைக்குக் கடை பந்தயம். பார்த்தது அரை மணி. பேசியது ஒரு வாரம்.

இப்போது எல்லா பாகத்தையும் ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டி விடுகிறார்கள். 2022 பிப்ரவரியில் 'விலங்கு'. விமல் சப்-இன்ஸ்பெக்டர். ஒரு கிராமத்து ஸ்டேஷனின் அன்றாட அவஸ்தையை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய தொடர் அபூர்வம். அதே வருடம் ஜூனில் 'சுழல்'. மயானக் கொள்ளைத் திருவிழாவைப் பின்னணியாக வைத்து, புஷ்கர்-காயத்ரி உருவாக்கியது.

ரசிகர் 'சுழல்' எட்டு பாகத்தையும் ஒரே மூச்சில் பார்த்தார். விடியற்காலை நாலு மணி. காலையில் கடையில் கூட்டல் தப்பு. முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பேரேட்டில் எழுதியது: "வரவு: சந்தேகம் ஒவ்வொருத்தர் மேலேயும் மாறி மாறிப் போகிறது. பிரமாதம். பற்று: தூக்கம். பத்து நாள் கழித்து பாதிக் கதை மறந்து போச்சு."

விருந்தை ஒரே வாயில் போட்டுக்கொண்டால் ருசி எங்கே தெரியும்?

ரிமோட் யார் கையில்?

ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. வீட்டுத் திரையால் யாருக்கு லாபம் என்றால், வீட்டுப் பெண்களுக்கும் வயசானவர்களுக்கும்தான்.

ரசிகரின் தாயார் அந்தக் காலத்தில் எத்தனை படம் பார்த்தார்? புருஷன் கூட்டிப் போனால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. இப்போது முட்டி வலி. படி ஏற முடியாது. தியேட்டர் வாசலை மிதித்து வருடக்கணக்காகிறது.

ஆனால் 'மெட்டி ஒலி' நாட்களில் ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கஷ்டத்துக்குத் தன் வீட்டுக் கஷ்டம் போல அழுதார். மகன் கேலி செய்வார். இன்றைக்குக் கேலி செய்வதில்லை. "நான் தியேட்டர்ல விசிலடிச்சேன். அம்மா வீட்ல அழுதாங்க. ரெண்டும் ஒண்ணுதானே!" என்கிறார்.

ஆகவே "டி.வி. வீட்டைக் கெடுத்தது" என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள், கொஞ்சம் சமையல்கட்டுப் பக்கமும் கேட்டுவிட்டுப் பேச வேண்டும்.

திருட்டும் பூட்டும்

போலீஸ் விவகாரமும் இதில் உண்டு. வீடியோ கேசட் காலத்திலேயே, 1984-ல், தமிழ்நாட்டில் அதற்கென்று சட்டம் போட்டார்கள். திருட்டு வி.சி.டி. பெருகியபோது, 2004-ல் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். 2023-ல் மத்திய அரசு ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தியது. தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால், பரப்பினால், 3 மாதம் முதல் 3 வருடம் வரை ஜெயில். அபராதம் குறைந்தது ரூ.3 லட்சம்!

அப்படியும் "மச்சி, லிங்க் இருக்கா?" என்ற குரல் ஓயவில்லை. பிக்பாக்கெட் அடித்த பர்சை வாங்க மாட்டேன் என்கிறவன், அடித்த படத்தை மட்டும் கூச்சமில்லாமல் வாங்குகிறான். லைட் தூக்குகிறவன், சாப்பாடு போடுகிறவன் கூலியும் அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று, பிள்ளைகள் விஷயம். தியேட்டருக்கு வரும் படத்துக்குச் சென்சார் உண்டு. ஓ.டி.டி. தொடர்களுக்கு அந்தச் சென்சார் கிடையாது. 2021-ம் ஆண்டு விதிப்படி 7, 13, 16 வயதுக்கு மேல், பெரியவர்களுக்கு மட்டும் என்று முத்திரை போட வேண்டும். 13-க்கு மேற்பட்ட வகைகளுக்குப் பூட்டுப் போடும் வசதியும் கொடுக்க வேண்டும். எத்தனை வீடுகளில் அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறார்கள்? பீரோவுக்கு இரண்டு பூட்டு. பிள்ளையின் கண்ணுக்கு ஒன்றும் இல்லை!

என்ன செய்யலாம்?

வீட்டுத் திரை குற்றவாளி அல்ல. சிதறிப் போன வீடுதான் வழக்கே. தீர்வும் பெரிய காரியம் இல்லை.

வாரத்துக்கு ஒரு படம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து. செல்போன்கள் ஒரு தட்டில். யார் படத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது முறை வைத்து: இந்த வாரம் பாட்டி, அடுத்த வாரம் பேத்தி. தள்ளி ஓட்டக் கூடாது. முடிந்ததும் பத்து நிமிஷம் பேச வேண்டும். "நல்லாருக்கு, நல்லா இல்லே" என்பதோடு நிறுத்தாமல், ஏன் என்று சொல்ல வேண்டும். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று அப்பா முகத்துக்கு நேரே மகள் சொல்லட்டும். ரசனை அப்படித்தான் வளரும்.

மாநகராட்சியும் மனசு வைக்கலாம். சமூக நலக் கூடங்கள் கல்யாணம் இல்லாத நாட்களில் சும்மா கிடக்கின்றன. முறைப்படி அனுமதி வாங்கி, மாதம் ஒரு நல்ல படத்தைப் போட்டால், தியேட்டர் காணாமல் போன பேட்டைகளில் பத்துக் குடும்பமாவது பாயோடு வரும்.

தியேட்டர்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. குடும்பத்தோடு வருகிறவன் பையில் இருப்பது மாதச் சம்பளம். அதை ஒரே நாளில் உருவப் பார்க்காதீர்கள். காசைக் குறைத்தால் கூட்டம் தானே வரும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு நல்ல சேதி. சமீபத்தில் அந்தப் பேரேட்டில் வரவுப் பக்கத்தில் வேறு கையெழுத்தில் ஒரு வரி விழுந்திருக்கிறது. மகள் எழுதியது:-

"அப்பாவோட உக்காந்து 'சார்பட்டா' மறுபடி பார்த்தேன். ட்ரெய்னிங் சீன்தான் படமே."